விடைக்குறிப்பில் இல்லாத வழி

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறைக்கு அவ்வப்போது தடிமனான உறையில் தபால் வரும். பிரித்தால், ஐன்ஸ்டீன் சொன்னது தப்பு என்று நிரூபிக்கும் புத்தகம் ஒன்று இருக்கும். சொந்தக் காசில் அச்சடித்தது. அட்டையில் பூமி உருண்டை, ஒரு மின்னல், ஆசிரியரின் பாஸ்போர்ட் அளவுப் படம். எழுதியவர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவராக இருப்பார். ஈர்ப்பு, காந்தம், காலம், சில சமயம் ஆன்மா, அத்தனைக்கும் சேர்த்து ஒரே சமன்பாடு உள்ளே இருக்கும். இவற்றை நான் பழைய பேப்பர்காரரிடம் போடுவதில்லை. அலமாரியின் அடித்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் இவர்களைக் குறை சொல்லவே முடியாது. எழுதியது எல்லாம் சொந்தச் சரக்கு. உலகத்தில் வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. தனக்குச் சொந்தமாக யோசிக்க வருமா என்ற சந்தேகம் இவர்களில் ஒருவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சந்தேகம் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. அதிலும் கோட்பாட்டு இயற்பியல் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. வருடா வருடம் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். போன முறை வந்தவள் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவி. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா மினி பஸ்ஸில் கண்டக்டர். ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஜெஸ்ட் நுழைவுத் தேர்வில் நல்ல இடம் வாங்கி, நேர்முகத்துக்கு அழைப்பும் வந்திருந்தது. என்ன படித்துவிட்டுப் போகலாம் என்று கேட்க வருகிறாள் என நினைத்தேன்.

"பி.எட். போட்டுரலாம்னு இருக்கேன் மேடம்."

"ஏம்மா? வீட்ல ஏதும் சொன்னாங்களா?"

"வீட்ல ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான்... புஸ்தகத்துல இருக்கிறதப் புரிஞ்சுக்கிறதுக்கே மூச்சு வாங்குது. இதுல புதுசா நான் எங்க யோசிக்க? எனக்கு எது தோணுனாலும் அத எவனாவது முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கான்."

சொல்லிவிட்டு ஒரு கோடு போடாத நோட்டை நீட்டினாள். நோட்டில் இருந்ததைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பயம் ஏன் கோட்பாட்டுக்காரர்களை மட்டும் இப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

இயற்பியலில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கருவிகளோடு மல்லுக்கட்டுவது. இன்னொன்று, தாளும் பேனாவும் கணினியும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. இரண்டாவதைத்தான் கோட்பாட்டு இயற்பியல் என்கிறோம். சோதனைக்கூடத்தில் இருப்பவருக்கு ஓர் ஆறுதல் உண்டு: இதுவரை யாரும் செய்யாத ஒரு கலவையைச் செய்து, அதன் மின்தடையை அளந்து எழுதினால், பெரிய விஷயமோ சின்ன விஷயமோ, அது புதிது. அந்த எண் நேற்றுவரை உலகத்தில் இல்லை. கோட்பாட்டுக்காரருக்கு இந்த அடைக்கலம் கிடையாது. அவர் கையாளும் சமன்பாடுகள் எல்லோருக்கும் பொது. அதே ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நூறு வருடமாக உலகத்தின் கெட்டிக்கார மூளைகள் எல்லாம் புரட்டிப் பார்த்தாயிற்று. நெல்லையில் ஒரு விடுதி அறையில் இருந்துகொண்டு அதில் தனக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று ஒருத்தி கேட்டால், அது தாழ்வு மனப்பான்மை இல்லை. நியாயமான கேள்விதான்.

போதாக்குறைக்கு ஆர்க்கைவ் வேறு. 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் தொடங்கிய கட்டுரைக் களஞ்சியம் அது. அச்சுக்குப் போகும் முன்பே ஆய்வுக் கட்டுரைகளை அதில் போட்டுவிடுவார்கள். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் எல்லாம் சேர்த்து இன்று மாதம் 20,000 கட்டுரைகளுக்கு மேல் வந்து விழுகின்றன. காலையில் அந்தப் பட்டியலைத் திறக்கும்போது, தான் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு அதில் இருந்துவிடக் கூடாதே என்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளாத ஆராய்ச்சி மாணவர் கிடையாது.

இப்போது நோட்டுக்கு வருவோம். குவாண்டம் இயற்பியலில் முதல் பாடம், பெட்டிக்குள் அடைபட்ட துகள். பெட்டியின் தரை சமதளம். இரண்டு பக்கமும் தாண்ட முடியாத சுவர். உள்ளே இருக்கும் எலெக்ட்ரானுக்கு இஷ்டப்பட்ட ஆற்றல் கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட அலகில் எழுதினால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களாகத்தான் வரும். இதை எல்லா மாணவர்களும் படித்து, எழுதி, மறந்துவிடுவார்கள். இவள் கேட்டுக்கொண்டது வேறு: ஆற்றல் எண்களை மட்டும் ஒருவர் கொடுத்தால், பெட்டியின் தரை எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது என்று கண்டுபிடித்திருந்தாள். நடுவில் தாழ்ந்து, இரண்டு சுவர்களை நோக்கியும் செங்குத்தாக ஏறும் வளைந்த தரை கொண்ட இன்னொரு பெட்டியை எழுதியிருந்தாள். அதன் ஆற்றல்கள் 4, 9, 16. முதல் எண் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் அச்சு அசல் பழைய பெட்டியின் எண்கள். தரையின் வடிவத்தைக் கணித வாய்பாடாகவே வருவித்து, சரிபார்த்து, அடிக்கோடு போட்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லவே இல்லை.

"நல்லாத்தானம்மா இருக்கு?"

"எழுதி முடிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல மேடம். காலைல போன்ல தேடுனேன். பத்து நிமிஷத்துல வந்துட்டு. அதே படம், அதே பார்முலா. பாடப் புஸ்தகத்துல உதாரணக் கணக்காவே போட்டுருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்து அல்ல. அந்த நோட்டில் இருந்தது என்னுடைய முனைவர் பட்டத் தலைப்பு.

தொண்ணூறுகளில் இந்தத் துறை சூடாக இருந்தது. 1981 இல் எட்வர்ட் விட்டன் துகள் இயற்பியலில் மீச்சமச்சீர்மை என்ற பெரிய கருத்தைப் புரிந்துகொள்வதற்காக ஒரு சிறிய மாதிரியைக் கட்டினார். அந்தச் சிறிய மாதிரியே தனியாக ஒரு தொழிலாகிவிட்டது. ஒரு கடினமான சமன்பாட்டை இரண்டு எளிய துண்டுகளாகப் பிரிப்பது; துண்டுகளை இடம் மாற்றிப் பெருக்குவது; அப்படிப் பெருக்கினால், முதல் கணக்கின் ஆற்றல்களையே கொண்ட இரண்டாவது கணக்கு ஒன்று பிறக்கும். 1983 இல் கெண்டன்ஷ்டைன் என்ற சோவியத் இயற்பியலாளர், இந்த இரண்டாவது கணக்கு முதல் கணக்கின் சாயலிலேயே இருந்தால் விடையை ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம் என்று காட்டினார். அதன்பிறகு இந்தியாவில் பல இடங்களில் மாணவர்கள் இதில் இறங்கினோம். பெரிய கணினி வேண்டாம், வெளிநாட்டுக் கருவி வேண்டாம். தாளும் பொறுமையும் இருந்தால் போதும்.

நானும் மாதக்கணக்கில் உட்கார்ந்து சில கணக்குகளை இப்படித் தீர்த்து, ஓர் அட்டவணையாகப் போட்டேன். பெருமையாக இருந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்து நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது, 'ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்' இதழின் 1951 ஆம் வருடத் தொகுதியை எடுத்தேன். இன்ஃபெல்டும் ஹல்லும் எழுதிய நீண்ட கட்டுரை. பழைய தாள் வாசனையோடு, ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்து, என் அட்டவணை அங்கே இருந்தது. என்னுடையதைவிட முழுமையாக. அவர்களும் அதைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1940 இல் டப்ளினில் இருந்தபோது ஷ்ரோடிங்கர் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தார்கள். பிற்பாடு ஒரு கணிதப் பேராசிரியர் சொன்னார், இதன் வேர் 1882 இல் பிரெஞ்சுக் கணிதர் டார்பூ எழுதியதில் இருக்கிறதாம். குவாண்டம் இயற்பியல் பிறப்பதற்கே அப்போது இன்னும் பல வருடம் இருந்தது.

என் வழிகாட்டியிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். "கணக்கு சரியா இருக்கான்னு இனிமே கவலைப்பட வேண்டாம். ஷ்ரோடிங்கர் சரிபார்த்துட்டார்" என்றார். பிறகு கேட்ட கேள்விதான் முக்கியம்: "அவங்க எந்த இடத்துல நிறுத்தினாங்க? ஏன் நிறுத்தினாங்க?"

நான் அறிந்தவரை, இந்தத் துறையில் புதிது என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. முன்னே போனவர் நின்ற இடம் எது, ஏன் நின்றார் என்று தெரிய வேண்டுமானால் அதுவரைக்கும் உள்ள வழியைக் காலால் நடந்து பார்த்திருக்க வேண்டும். கட்டுரையைப் படித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வரியையும் நம் கையால் போட்டால்தான், இந்த இடத்தில் ஓர் அனுமானத்தைச் சத்தமில்லாமல் நுழைத்திருக்கிறார் என்பது பிடிபடும். ஆறு வகையோடு கதை முடிந்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். 1993 இல் புவனேஸ்வரத்தில் இருந்த அவினாஷ் கரேயும் சிகாகோவில் இருந்த உதய் சுகாத்மேயும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, அந்த ஆறிலும் அடங்காத புதிய குடும்பம் ஒன்றைக் காட்டினார்கள். 2008 இல் பிரஸ்ஸல்ஸில் இருந்த கிறிஸ்தியான் கென் என்ற பெண் இயற்பியலாளர், எல்லோரும் அலசி முடித்த பழைய கணக்குகளுக்குள்ளேயே இன்னும் சில புதியவற்றை எடுத்தார். 1951 இல் பூட்டிய அறை என்று நினைத்தது, 57 வருடம் கழித்தும் திறந்தது. திறந்தவர்கள் எல்லோரும் பழைய அட்டவணையைத் தலைகீழாகத் தெரிந்தவர்கள்.

என் தலைமுறைக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கணக்கை முன்னமே ஒருவர் போட்டிருக்கிறார் என்று தெரிவதற்கு எங்களுக்கு மாதங்கள் ஆகும். அதுவரை அது நம்முடையது. அந்தச் சந்தோஷத்திலேயே கை பழகிவிடும். இப்போதைய பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்தில் அது பறிபோகிறது. போன் செய்யும் காரியங்களில் நான் மன்னிக்காதது இதைத்தான்.

அவளிடம் நான் டாக்கா கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1924. டாக்கா பல்கலைக்கழகத்தில் சத்யேந்திரநாத் போஸ் ஆசிரியராக இருக்கிறார். வயது 30. சூடான பொருளிலிருந்து வரும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கும் என்று சொல்லும் பிளாங்கின் சூத்திரத்தை வகுப்பில் நடத்த வேண்டியிருந்தது. அந்தச் சூத்திரம் 1900 இலேயே வந்துவிட்டது. சோதனைகளோடு கச்சிதமாகப் பொருந்தியது. விடையில் எவருக்கும் சந்தேகம் இல்லை. போஸுக்கு உறுத்தியது, அந்த விடைக்குப் போய்ச் சேர்ந்த வழி. அதுவரை வந்த நிரூபணங்களில் ஏதாவது ஓர் இடத்தில் பழைய மின்காந்தவியல் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய விதிகள் செல்லாது என்று சொல்கிற சூத்திரத்தைப் பழைய விதியை வைத்தே நிரூபிப்பது எப்படி? மாணவர்கள் முன்னால் இதை எப்படி நேர்மையாகச் சொல்வது?

அவர் ஒளியை முழுக்கத் துகள்களாகவே எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். எண்ணிய விதத்தில்தான் விஷயம். இரண்டு லட்டு, இரண்டு டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்டுகளுக்கு அடையாளம் இருந்தால், அவற்றை நான்கு விதமாக வைக்கலாம்: இரண்டும் முதல் டப்பாவில், இரண்டும் இரண்டாவதில், இது அங்கே அது இங்கே, அது அங்கே இது இங்கே. நான்கில் இரண்டில் லட்டுகள் ஒரே டப்பாவில் சேர்ந்திருக்கும். அதாவது பாதிக்குப் பாதி. ஆனால் இரண்டு லட்டுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது, இது அது என்று சுட்டவே வழியில்லை என்றால், கடைசி இரண்டு விதமும் ஒன்றாகிவிடும். மொத்தம் மூன்றே விதம்; மூன்றில் இரண்டில் சேர்ந்திருக்கும். ஒளித்துகள்கள் இந்த இரண்டாவது கணக்கில்தான் நடக்கின்றன. ஒன்றோடொன்று கூடியிருக்க அவற்றுக்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு. இப்படி எண்ணியபோது பிளாங்கின் சூத்திரம் பழைய விதிகளின் துணை இல்லாமல் தானே வந்து நின்றது.

கட்டுரையை லண்டனின் 'பிலசாபிக்கல் மேகசின்' வெளியிடவில்லை. போஸ் அதை 1924 ஜூன் 4 ஆம் தேதியிட்ட கடிதத்தோடு ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து 'ட்ஸைட்ஷ்ரிஃப்ட் ஃப்யூர் ஃபிசிக்' இதழில் வெளிவரச் செய்தார். அந்த எண்ணிக்கை முறைக்கு இன்று போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல் என்று பெயர். அண்டத்தில் உள்ள துகள்களின் இரண்டு இனங்களில் ஒன்றுக்குப் 'போசான்' என்று அவர் பெயரையே டிராக் வைத்தார். அணுக்களைக் கடும் குளிரில் வைத்தால் எல்லாம் ஒரே நிலையில் போய்க் குவியும் என்று ஐன்ஸ்டீன் அந்தக் கட்டுரையைத் தொடர்ந்து கணித்தது, 1995 இல் சோதனையில் நேராகவே காணப்பட்டது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, போஸ் பிற்காலத்தில் சொன்னது. தான் செய்வது புதிது என்று அப்போது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். எண்ணுகிற முறையை மாற்றிவிட்டோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. 24 வருடப் பழைய விடைக்கு உறுத்தாத ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் அவர் தேடியது.

இதே மாதிரி ரிச்சர்ட் ஃபைன்மன். 1933 இல் டிராக் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் பாதி சொல்லி விட்டிருந்த கருத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு துகள் போகக்கூடிய எல்லாப் பாதைகளையும் கூட்டி விடை காணும் முறையை 1942 ஆம் வருட ஆய்வேட்டில் எழுதினார். ஹைசன்பர்க் வழியில் போட்டாலும் ஷ்ரோடிங்கர் வழியில் போட்டாலும் வரும் அதே விடைகள்தான் இதிலும் வரும். சொல்லப்போனால் இது சுற்றுவழி. ஹைட்ரஜன் அணு என்ற பாலபாடக் கணக்கை ஃபைன்மன் முறையில் முழுதாகப் போட 1979 வரை ஆகிவிட்டது. ஆனாலும் இன்று துகள் இயற்பியலில் அந்தச் சுற்றுவழி இல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

எல்லாம் முடிந்துபோன பிறகு வந்திருக்கிறோம் என்ற பயத்துக்கு சென்னையிலேயே ஒரு கதை உண்டு. 1928 இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர் அவரைத் தேடி விடுதி அறைக்கே போனார். சோமர்ஃபெல்டின் அணு இயற்பியல் புத்தகத்தை வரிவரியாகப் படித்திருந்த பெருமை அவருக்கு. புத்தகத்தை எழுதியவரே சொல்லிவிட்டார், அதில் உள்ளதெல்லாம் பழசாகிவிட்டது, ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று. கல்லூரிப் பையன் எப்படி நொறுங்கியிருப்பான்! ஆனால் சோமர்ஃபெல்ட் இன்னொன்றும் செய்தார்: உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப்பிரதியைக் கொடுத்தார். அதைக் கற்றுக்கொண்டு சந்திரசேகர் சில மாதங்களில் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜின் ஃபௌலர் வழியாக 1929 இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. மறு வருடம் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், அதே ஃபௌலரின் கணக்கைச் சார்பியலோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தார். எரிந்து முடிந்த வெண்குள்ளன் வகை நட்சத்திரம் ஓர் அளவுக்கு மேல் கனமாக இருக்க முடியாது என்று வந்தது. இங்கிலாந்து போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தது, லீட்ஸில் ஸ்டோனரும் ஏறக்குறைய அதே இடத்தைத் தொட்டிருந்தார் என்று. சந்திரசேகர் நிறுத்தவில்லை. ஸ்டோனர் நட்சத்திரம் முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துப் போட்ட கணக்கை, உண்மையான நட்சத்திர அமைப்போடு போட்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற அந்த எல்லைக்கு இன்று அவர் பெயர். 1983 இல் நோபல் பரிசு.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக முடியும் என்று மாணவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஜார்ஜ் சுதர்சன், 1957 இல் மார்ஷாக்கோடு சேர்ந்து, வலுக்குறைந்த அணுக்கரு விசை எப்படி இயங்குகிறது என்பதற்குச் சரியான வடிவம் கொடுத்தார். அவர்கள் மாநாட்டில் சொன்னது முழுமையாக அச்சேறுவதற்குள், அதே கருத்தோடு ஃபைன்மனும் கெல்-மானும் எழுதிய கட்டுரை 1958 தொடக்கத்தில் வந்துவிட்டது. பாடப் புத்தகங்கள் பலவற்றில் பின்னவர்கள் பெயர்தான் முன்னால் நின்றது. சொந்தமாக யோசிப்பது ஒன்று, பெயர் கிடைப்பது வேறொன்று. இரண்டாவதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வேலை கிடைக்குமா, முப்பது வயதுவரை உதவித்தொகையில் காலம் தள்ள முடியுமா, வீட்டில் கல்யாணப் பேச்சை எப்படித் தள்ளிப்போடுவது என்று ஒரு பிள்ளை பயந்தால், அந்தப் பயங்களையும் நான் தட்டிக்கழிப்பதில்லை. அவை நிஜம். அவற்றுக்காக ஒருத்தி பி.எட். போனால் நானே விண்ணப்பம் நிரப்பித் தருவேன். தனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றாது என்ற காரணத்துக்காக என்றால் விடமாட்டேன். பிஎச்.டி.யில் சேரும் அன்று யாரும் புதுச் சிந்தனையைக் கையில் கொண்டுபோவதில்லை. முதல் வருடம் முழுக்கப் பாடம்தான். அதற்குப் பிறகும் முதல் கணக்கை எடுத்துக் கொடுப்பவர் வழிகாட்டி.

"சரி, இந்தப் பெட்டிக் கணக்கு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

போன பருவத் தேர்வில் சீரிசை அலையியற்றி கேள்வி வந்திருக்கிறது. சுருள்வில்லில் கட்டிய துகள், அதன் ஆற்றல் மதிப்புகளைக் காண வேண்டும். பத்து மதிப்பெண். இதைப் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, நீண்ட வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதி, தொடராக விரித்து, ஹெர்மைட் பல்லுறுப்புக் கோவைகளுக்குப் போய்ச் சேர்வது. விடைத்தாளில் மூன்று பக்கம் ஓடும். இன்னொன்று, சமன்பாட்டை இரண்டு துண்டாகப் பிரித்து, ஏறவும் இறங்கவும் படிக்கட்டு மாதிரி பயன்படுத்துவது. ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். டிராக்கின் புத்தகத்தில் இருக்கும் வழி அது. 1940 இல் ஷ்ரோடிங்கர் செய்ததும் அதை மற்றக் கணக்குகளுக்கு நீட்டியதுதான். எங்கள் நோட்ஸில் இருப்பது முதல் வழி. இவள் நூலகத்தில் படித்து, இரண்டாவது வழியில் எழுதியிருக்கிறாள். பத்துக்கு மூன்று வந்தது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்திருக்கிறாள். விடை சரி என்று அடியில் டிக் இருந்தது. நடுவில் உள்ள படிகளுக்கு மேல் ஒரு நீளமான கோடு. விடைக்குறிப்பில் உள்ள படிகள் ஒன்றும் இல்லையே என்று கோடு போட்டவர் நினைத்திருக்க வேண்டும்.

"அந்த வழில என்ன தப்புன்னு பாக்கணும்னு உக்காந்தேன் மேடம். வேற கணக்குக்கும் இது வருதான்னு போட்டுப் பாத்தேன். பெட்டிக்கு வந்துச்சு. அப்பதான் இந்த ரெண்டாவது பெட்டி வந்து நின்னுச்சு."

ஏழு மதிப்பெண் போன இடத்திலிருந்துதான் அவளாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் சந்தேகத்தின் ஊற்றுக்கண்ணும் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்ஸி. வரை நம் பிள்ளைகள் பார்த்த ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு விடைக்குறிப்பு முன்கூட்டியே அச்சாகி இருந்தது. அதில் இருப்பதை எழுதினால் மதிப்பெண்; இல்லாததை எழுதினால் கோடு. இருபது வயதுக்கு மேல் திடீரென்று, சொந்தமாக யோசி என்கிறோம். அவர்கள் யோசிக்கிறார்கள். யோசித்ததும் முதல் வேலையாக விடைக்குறிப்பைத் தேடுகிறார்கள். முன்பு அது திருத்தும் ஆசிரியர் கையில் இருந்தது, இப்போது போனில் இருக்கிறது. அதில் இருந்துவிட்டால் நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை என்கிறார்கள். இல்லாவிட்டால் நான் செய்தது தப்பு என்கிறார்கள். போஸ் எங்கள் பருவத் தேர்வில் பிளாங்க் சூத்திரத்தைத் தம் வழியில் எழுதியிருந்தால் பத்துக்கு மூன்றுதான் வாங்கியிருப்பார்.

அந்த மாணவி நேர்முகத்துக்குப் போனாள், இடம் கிடைத்தது. இப்போது முதல் வருடப் பாடங்களில் திணறிக்கொண்டிருக்கிறாள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வாரம் ஒருமுறை போனில் புலம்புகிறாள். நன்றாகத்தான் புலம்புகிறாள், ஏனென்றால் புலம்பல் இப்போது கணக்குகளைப் பற்றியது.

இதைப் படிக்கும் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடைத்தாள் திருத்தும் முகாமில் உங்கள் கட்டுக்குள் இப்படி ஒரு தாள் வரும். நேரம் குறைவு, தாள்கள் அதிகம், படிக்காசு சொற்பம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்து, தேநீர் இடைவேளையில் வரிவரியாகப் படியுங்கள். எந்த வரியிலும் தப்பு இல்லையென்றால் முழு மதிப்பெண் போடுங்கள். வினாத்தாளோடு விடைக்குறிப்பு தயாரிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், சரியான வேறு எந்த வழிக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.